மதிப்பெண் நூறு, நுழைய வழியில்லை

2019இல் மனுவேல் மட்டுஸோவிச் என்ற வலை உருவாக்குநர் ஓர் இணையப் பக்கத்தை வேண்டுமென்றே படிப்படியாகக் கெடுத்தார். விசைப்பலகையால் அதில் நகர முடியாது, ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியாது. கடைசியில் கண் தெரிந்தவர்களுக்கும் அதில் எதுவும் தெரியவில்லை. பிறகு அதைக் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியிடம் கொடுத்துச் சோதித்தார். அணுகல்தன்மைக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது.

பார்வையற்றோருக்காகத் தளங்களைச் சீர்செய்யும் பணி இன்று பெரும்பாலும் இத்தகைய மதிப்பெண்களை நம்பித்தான் நடக்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை; பக்கத்தின் பின்னாலிருக்கும் நிரலைப் படித்துக் குரலாக்குகிறது. அதைப் பயன்படுத்துபவர் மவுஸைத் தொடுவதில்லை. ‘எச்’ விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறார், ‘டேப்’ விசையால் இணைப்புகளையும் படிவக் கட்டங்களையும் கடக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாகக் காட்டினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தலைப்பு என்று நிரலில் குறித்திருக்க வேண்டும். பெயரிடப்படாத பொத்தானுக்கு வந்தால் காதில் விழுவது ‘பட்டன்’ என்ற ஒற்றைச் சொல்தான். அது பணம் செலுத்தவா, ரத்து செய்யவா? கேட்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகள் இந்த இடத்தில் பெரிய உதவி செய்தன. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகளும் வந்தன. “எங்களால் படிக்க முடியவில்லை” என்ற முறையீடு, எந்த விதி மீறப்பட்டது என்று சுட்டிக்காட்டத்தக்க கோரிக்கையாக மாறியது. நிரல் எழுதுபவருக்கும் எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவானது. இந்த நெறிமுறைகளைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆனால் அவற்றைப் பின்பற்றும் விதம் சுருங்கிவிட்டது. ‘படத்துக்கு மாற்று உரை வேண்டும்’ என்பது விதி. உரை இருக்கிறதா என்பதை இயந்திரம் கண்டுபிடிக்கும். மழை எச்சரிக்கை வரைபடத்துக்கு ‘வரைபடம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் அதற்குத் திருப்திதான். எந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்று தெரிந்துகொள்ள வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த எளிய சோதனையில்கூடத் தளங்கள் தேறுவதில்லை. வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆராய்கிறது. இயந்திரத்தால் கண்டறியத்தக்க குறையுள்ள பக்கங்கள் 2019இல் 97.8 சதவீதம், 2025இல் 94.8. ஆறு ஆண்டுகளில் மூன்றே புள்ளிகள்!

இந்தத் தேக்கத்தில் குறுக்குவழி வணிகம் நுழைந்தது. ஒரு வரி நிரலைத் தளத்தில் ஒட்டினால் செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது அதன் விளம்பரம். இப்படிச் சொல்லி விற்ற ஆக்சஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தன் மாநாட்டில் அந்நிறுவனத்துக்கு இடமளிக்க மறுத்திருந்தது. பயன்படுத்துவோர் அறிந்திருந்ததை அரசு பிந்திதான் ஏற்றது.

அதே கூட்டமைப்பு 2006இல் டார்கெட் அங்காடி மீது வழக்குத் தொடுத்தது. அந்த அங்காடியின் தளத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை. மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க இயலவில்லை. 2008இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு சமரசமானது. தொகையைவிட முக்கியமான இன்னொரு நிபந்தனையும் அதில் இருந்தது: தளத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பு பார்வையற்றோரின் கூட்டமைப்புக்கே போனது. சரியான வழி அப்போதே தெரிந்திருந்தது. நெறிமுறைகளோ இன்றும் பயனர் சோதனையைப் பரிந்துரைக்கின்றனவே ஒழியக் கட்டாயமாக்கவில்லை.

தமிழுக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள் இருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசம். அதற்குத் தமிழ்க் குரலும் உண்டு. தடை வேறிடத்தில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ‘அம்மா’, கணினிக்குள் எம், கே, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் உளறும். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிய அறிவிக்கையில் வாசிக்க ஓர் எழுத்துகூட இல்லை. யூனிகோடில் இருந்தும், பக்கத்தின் மொழியை நிரலில் ‘ஆங்கிலம்’ என்று குறித்துவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைத் தாண்டிப் போய்விடக்கூடும்.

2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கிய உரிமை என்று தீர்ப்பளித்து 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கேமராவுக்கு நேராக முகத்தைப் பொருத்து, கண் சிமிட்டு என்று கேட்கும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி முறையால் பார்வையற்றோரும் ஆசிட் வீச்சுக்கு ஆளானோரும் பட்ட அவதியே அந்த வழக்கின் அடிப்படை. உரிமை கிடைத்துவிட்டது. அது நடைமுறையில் பலிக்க வேண்டுமானால் அரசுத் தளங்களுக்கான ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பார்வையற்ற சோதனையாளர்கள், உரிய ஊதியம் பெற்று, படிவத்தைத் தொடக்கம் முதல் கட்டண ரசீது வரை தாங்களே முடித்துக் காட்டிய பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை.