ஜாஸ் காலத்துப் பிரசங்க பீடம்: மூன்று நூல்கள்

முதல் உலகப் போர் முடிவுற்ற 1918-ஆம் ஆண்டிற்கும், நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த 1929-ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட அமெரிக்க வாழ்வினை ‘ஜாஸ் காலம்’ என்று வழங்குவது மரபு. அக்காலத்தில் நிகழ்ந்த மாறுதல்கள் பல. 1920-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதன்முறையாக நகரவாசிகளாயினர். அதே ஆண்டில் மதுவிலக்கு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது; பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஃபோர்டு நிறுவனத்தின் மோட்டார் வண்டி சில ஆண்டுகளில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டுச் சிகாகோவுக்கும் நியூயார்க்கின் ஹார்லெமுக்கும் குடிபெயர்ந்த கறுப்பின மக்கள், தங்கள் இசையையும் தங்கள் சபைகளையும் உடன் கொண்டு சென்றனர்.

இம்மாறுதல்களின் நடுவில் வெள்ளையரின் சபைகள் பல, தீமையை நடனக் கூடத்திலும் மதுக்கடையிலுமே தேடின. ஜாஸ் இசை ஒழுக்கக் கேட்டின் ஊற்றெனப் பிரசங்கிக்கப்பட்டது. புகழ்பெற்ற மகளிர் இதழொன்று 1921-இல் அவ்விசையைப் பாவத்தோடு இணைத்துக் கட்டுரையே வெளியிட்டது. அதே ஆண்டுகளில் கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இலட்சக்கணக்கான வெள்ளைப் புராட்டஸ்டன்ட் மக்களைச் சேர்த்துக்கொண்டு, 1925 ஆகஸ்டில் தலைநகரின் வீதியில் அணிவகுத்துச் சென்றது. அதனைக் கண்டித்த போதகர்களும் இருந்தனர். அதில் பங்குகொண்ட போதகர்களும் இருந்தனர். திருச்சபை அஞ்சிக் காவல் காத்த வாயில் ஒன்று. உலகம் உள்ளே நுழைந்த வாயில் வேறொன்று. இவ்வுண்மையை 1925-க்கும் 1927-க்கும் இடையில் வெளிவந்த மூன்று நூல்கள் நமக்கு உணர்த்துகின்றன.

முதலாவது, புரூஸ் பார்ட்டன் 1925-இல் வெளியிட்ட ‘ஒருவரும் அறியாத மனிதர்’ என்னும் நூல். ஆசிரியர் ஒரு போதகரின் மைந்தர். விளம்பரத் துறையில் பெயர் பெற்றவர். ஓய்வுநாள் பள்ளியில் தமக்குக் காட்டப்பட்ட வலிமையற்ற, சோகமே உருவான இயேசுவின் படம் சிறு வயதிலேயே தமக்கு வெறுப்பூட்டியது என்கிறார். அவ்வெறுப்பு நியாயமானதே. ஆயினும் அப்படத்தை அகற்றிவிட்டு அவர் மாட்டும் படம் யாது? ஆண்டவர் திறமைமிக்க நிர்வாகி; எளிய தொழிலாளர் பன்னிருவரைக் கொண்டு உலகை வென்ற நிறுவனத்தை அமைத்தவர்; அவருடைய உவமைகள் சிறந்த விளம்பரங்கள்; அவரே தற்கால வணிகத்தின் தந்தை. இந்நூல் பல்லாயிரக்கணக்கில் விற்பனையாயிற்று.

பார்ட்டன் தம் வாதத்தை லூக்கா 2:49-இன் மேல் கட்டுகிறார். தேவாலயத்தில் சிறுவனாகிய இயேசு தம் தாய்க்குக் கூறிய மறுமொழியில், பழைய ஆங்கிலத் திருப்புதல் ‘தொழில்’, ‘வணிகம்’ என்றும் பொருள்படும் சொல்லொன்றைக் கையாளுகிறது. கிரேக்க மூலத்திலோ அத்தகைய சொல் இல்லை. தந்தைக்கு உரியவை என்னும் பொருளே அங்குள்ளது. நம் தமிழ்த் திருமறையும் மூலத்தையொட்டியே கூறுகிறது. இல்லாத சொல்லின்மேல் எழுந்த கட்டடத்தில் சிலுவைக்கு இடம் குறுகிப்போவது வியப்பன்று. வெற்றியே அளவுகோலான இடத்தில், சீடர்கள் யாவரும் கைவிட்டு ஓடிய இரவிற்கு என்ன பொருள் கூற இயலும்?

இரண்டாவது, சிங்க்ளேர் லூயிஸ் 1927-இல் வெளியிட்ட ‘எல்மர் கேன்ட்ரி’ என்னும் புதினம். கான்சஸ் சிட்டியில் தங்கிப் போதகர்களோடு பழகி இதனை எழுதினார் லூயிஸ். பாஸ்டன் நகரில் இந்நூல் தடை செய்யப்பட்டது. கதைத் தலைவன் குரல்வளமும் உடற்கட்டும் வாய்ந்தவன், விசுவாசம் அற்றவன். எழுப்புதல் கூட்டங்களில் பயின்று, மெதடிஸ்டு போதகனாகிப் பெருநகரில் புகழ் பெறுகிறான். பரபரப்பான தலைப்புகளால் கூட்டம் சேர்க்கிறான். விபசார விடுதிகளைச் சோதனையிட்டுச் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறான். தானோ மறைவில் அதே பாவத்தில் வாழ்கிறான். பார்ட்டன் புகழ்ந்த விளம்பரக் கலை பிரசங்க பீடத்தில் ஏறினால் யாது நேரிடும் என்பதற்கு இப்புதினம் விடையாகும்.

சபையார் பலர் இதனை அவதூறென்று வெகுண்டனர். அவர்கள் சினத்தில் ஓரளவு நியாயம் உண்டு. லூயிஸின் உலகில் நேர்மையான போதகர் மிகச் சிலர். அவர்களுக்கும் ஆசிரியர் போதிய உயிர் ஊட்டவில்லை. நையாண்டியே நோக்கமாகிவிட்டதால், கேன்ட்ரியைக் கேட்கத் திரண்ட மக்களின் பசி எத்தகையது என்று அவர் வினவவேயில்லை. ஆயினும் ஒரு காட்சி மறக்கத்தக்கதன்று. கிராமத்தில் ஊழியம் செய்யும் முதிய போதகர் ஒருவர் கேன்ட்ரியிடம், அவன் ஏன் கடவுளை நம்புவதில்லை என்று அமைதியாகக் கேட்டுவிடுகிறார். குற்றச்சாட்டாக அன்று, அக்கறையோடு கேட்கப்படும் வினா அது. நூலின் நெஞ்சம் அவ்விடத்தில் துடிக்கிறது.

மூன்றாவது, அதே 1927-இல் வெளிவந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் ‘கடவுளின் ட்ராம்போன்கள்’. கறுப்பினப் போதகரின் மரபுவழிப் பிரசங்கங்கள் ஏழினைக் கவிதை வடிவில் தரும் நூல் இது. இதற்குத் தூண்டுதலான நிகழ்ச்சியை ஆசிரியர் முன்னுரையில் கூறுகிறார். கான்சஸ் சிட்டியில் போதகர் ஒருவர் முறைப்படி அமைந்த பிரசங்கத்தைத் தொடங்கினார், சபை அசையவில்லை. அதை உணர்ந்த அவர் வேதநூலை மூடிவிட்டுப் பீடத்தின் முன்னே வந்து, முன்னோர் வழிவந்த பழைய பிரசங்கத்தை இசையோடு முழங்கலானார். சபை உயிர்பெற்றது. ட்ராம்போன் என்பது குழலை முன்னும் பின்னும் இழுத்து ஊதும் பித்தளைக் கருவி. ஜாஸ் குழுக்களில் முழங்கியது. மனிதக் குரலின் உணர்ச்சிகளையெல்லாம் வெளியிட வல்லதென்று அதனையே போதகரின் குரலுக்கு உவமையாக்குகிறார் ஜான்சன். பிறர் பாவமென்று ஒதுக்கிய இசையின் கருவி இங்கே கடவுளின் கரத்தில் உள்ளது.

இந்நூலின் இறுதிச் சடங்குப் பிரசங்கத்தில், ஜார்ஜியா மாநிலத்தில் நெடுங்காலம் உழைத்துக் களைத்த கரோலின் என்னும் பெண்ணைக் கடவுள் நோக்குகிறார். இளைப்பாறுதலுக்கு அவளை அழைத்துவர மரணத்தை அனுப்புகிறார். பார்ட்டனின் நிர்வாகி இப்பெண்ணுக்கு என்ன சொல்வார்? அவளிடம் வெற்றி இல்லை, நிறுவனம் இல்லை. ஆனால் கடவுளுக்கு அவள் பெயர் தெரிந்திருக்கிறது. நற்செய்தி என்பது இதுவன்றோ! இந்நூலிலும் குறை உண்டு. சபையாரின் ‘ஆமென்’ இன்றி அச்சேறிய பிரசங்கம் பாதிப் பிரசங்கமே. மேலும், ஜான்சன் தம்மைக் கிறிஸ்தவ விசுவாசி என்று கூறிக்கொண்டவரல்லர். விசுவாசியாகிய பார்ட்டன் சிலுவையைச் சுருக்கினார். விசுவாசத்தில் உறுதி காணாத கவிஞரோ சிலுவைப் பிரசங்கத்தை நூலுள் காத்தார். இம்முரண்பாடு நம்மைத் தாழ்மைப்படுத்த வேண்டும்.

1933-இல் மதுவிலக்கு நீக்கப்பட்டது, நடனங்கள் மாறின. ஜாஸ், புளூஸ் இசையில் ஊறிய தாமஸ் டார்சி, 1932-இல் தம் மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் இழந்த துயரில் இயற்றிய பாடல் இன்று உலகெங்கும் ஆராதனைகளில் பாடப்படுகிறது. அஞ்சப்பட்ட இசை இவ்வாறு ஆலயத்துள் ஏற்கப்பட்டது. வெற்றியைக் கொண்டு ஊழியத்தை அளக்கும் மனப்பான்மையோ, அஞ்சப்படாமலே உள்ளே வந்து, இன்னும் வெளியேறவில்லை. நாமும் கூட்டத்தை எண்ணுகிறோம், காணிக்கையை எண்ணுகிறோம். இறையியல் பயிலும் இளைஞர் இம்மூன்று நூல்களையும் ஒருங்கே படிப்பது நலம். படித்தபின், அம்முதிய கிராமப் போதகரின் வினாவை ஒவ்வொரு பிரசங்கத்திற்கு முன்பும் தம்மிடமே கேட்டுக்கொள்வது அதனினும் நலம்.