சதுரமான நெருப்பு

புத்தகத்துக்காகச் சண்டை போடுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கதாநாயகியைச் சாகடித்தால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவோம் என்று மிரட்டிக் கடிதம் எழுதின வாசகர்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் வெறும் விதிப் புத்தகத்துக்காக, அதாவது ஒரு விளையாட்டை எப்படி ஆடுவது என்று சொல்லும் புத்தகத்துக்காக, நண்பர்கள் பிரிந்து போவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை பிள்ளையின் கோஷ்டி அப்படித்தான் பிரிந்தது. விளையாட்டின் பெயர் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கியது. ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருத்தி திருடி. "குகைக்குள் இருட்டாக இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துகிறவர் கேட்பார். அவரவர் சொல்லுவார்கள். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும். முடிவாக ஜயம், தோல்வி என்று ஒன்றும் கிடையாது. கதை வருஷக்கணக்கில் போகும். இதைக் கேட்டபோது, நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இதன் நாலாம் பதிப்பு 2008 ஜூனில் வெளிவந்தது. கைகாக்ஸ் அந்த வருஷம் மார்ச்சில்தான் காலமாகியிருந்தார். மூன்றாம் பதிப்பு 2000இல் வந்து, 2003இல் திருத்தமாகி, 'மூன்றரை' என்று வழங்கிவந்தது. ஐந்து வருஷத்துக்குள் மறுபடியும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. "இது நம் விளையாட்டே இல்லை" என்றார்கள். கம்ப்யூட்டரில் ஆடும் வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைக் காகிதத்தில் அச்சடித்து விற்கிறார்கள் என்றார்கள். சந்தோஷப்பட்டவர்களும் நிறையப் பேர். அவர்களில் என் தங்கை பிள்ளையும் ஒருவன்.

அவன் ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு பதிப்புகளையும் என் மேஜைமேல் வைத்து, "படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள், மாமா" என்றான். எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

தீக்கோளம் என்ற மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றரையில் அது கிட்டத்தட்ட ஒரு சின்ன வர்ணனை. மந்திரவாதி விரலை நீட்டுகிறான். பட்டாணி அளவில் ஒரு பொறி கிளம்பிப் போய், சொன்ன இடத்தில் வெடிக்கிறது. பற்றக்கூடிய பொருளெல்லாம் பற்றிக்கொள்கிறது. ஈயமும் தங்கமும் செம்பும் உருகக்கூடும். எதிரியைக் கொல்லலாம், ஆனால் அவன் பெட்டியில் இருக்கும் தங்கம் என்ன ஆகும் என்ற கவலை உடனே வந்துவிடுகிறது. கதை அங்கேதான் பிறக்கிறது. நாலாம் பதிப்பில் இதே மந்திரத்துக்கு இரண்டு வரி வர்ணனை, மேலே ஒரு வர்ணப் பட்டை, கீழே வரிசையாக எண்கள். எத்தனை கட்டம் தள்ளி விழும், எத்தனை கட்டம் பரவும், எத்தனை பகடை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டங்களை எண்ணிப் பார்த்தால் தீக்கோளம் ஏழுக்கு ஏழாக ஒரு சதுரம்! சதுரமான நெருப்பைப் பார்த்துச் சிரிக்காத ஆட்டக்காரர் இல்லை என்றான் அவன்.

மந்திரவாதி விஷயம் இதைவிட ருசியானது. ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்ற புத்தகத்திலிருந்து கைகாக்ஸ் ஒரு யோசனையைக் கடன் வாங்கியிருந்தார். மந்திரவாதி காலையில் மந்திரங்களை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டால் அது மனத்திலிருந்து அழிந்துபோகும். எதைப் படித்துக்கொண்டு புறப்படுவது என்று அவன் தினமும் தவிக்க வேண்டும். விதியாகப் பார்த்தால் மகா சிரமம். பாத்திரமாகப் பார்த்தால் பிரமாதம். நாலாம் பதிப்பு மந்திரவாதி, வீரன், திருடன் எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு செய்துவிட்டது. எப்போதும் செய்யக்கூடியவை பச்சைப் பட்டை, ஒரு மோதலுக்கு ஒரு தரம் சிவப்பு, நாளைக்கு ஒரு தரம் கறுப்பு. நாள் மந்திரங்களுக்குப் பழைய ஏட்டை விட்டுவைத்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனாலும் மந்திரவாதியின் பக்கமும் வீரனின் பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

இதில் நியாயமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாபம். பழைய ஆட்டத்தில் படிகள் ஏற ஏற, மந்திரவாதி வானத்தைப் புரட்டுவான். வாள்வீரன் முதல் நாள் ஓங்கின வாளையே ஓங்கிக்கொண்டிருப்பான். என் தங்கை பிள்ளை ஏழு வருஷம் வாள்வீரனாக ஆடினவன். புதிய பதிப்பில்தான் முதல் தடவையாகத் தன் முறை வரும்போது யோசிக்க ஏதோ இருந்தது என்றான். அவனுடைய அத்யந்த நண்பனோ மந்திரவாதி. ஒருவனுக்குக் கிடைத்தது மற்றவனிடமிருந்து எடுத்ததாகப்பட்டது. வாக்குவாதம் விதியில் ஆரம்பித்து, வேறு எங்கெங்கோ போயிற்று.

"பழைய புத்தகத்தை யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லையே? அவன் அதை வைத்து ஆடட்டுமே?" என்றேன்.

"சீட்டுக்கட்டு கையில் இருந்தால் போதுமா, மாமா? உட்கார ஆள் வேண்டாமா?" என்றான்.

நாவல் படிக்கிறவன் தனியாகப் படிக்கிறான். பிடிக்காத பதிப்பை ஒதுக்கிவிட்டுப் பழையதை எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த சௌகரியம் இல்லை. நாலு பேர் வேறு பாஷைக்கு மாறிவிட்டால் ஐந்தாமவன் ஊமை.

கோபித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருந்தது. மூன்றாம் பதிப்பின் விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று 2000இல் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பைசோ என்ற பிரசுரத்தார், பழைய ஆட்டத்தையே செப்பனிட்டு, 2009இல் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டார்கள். மந்திரவாதி அங்கே போய்விட்டான். (அந்த அனுமதியை மாற்றப் போகிறார்கள் என்று 2023 ஜனவரியில் தெரியவந்தபோது கிளம்பின கூச்சலில், கம்பெனி சில வாரங்களில் பின்வாங்க வேண்டியதாயிற்று.)

நான் தீர்ப்புச் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. இதை அவர்கள் இரண்டு வருஷம் ஆட்டக்காரர்களிடம் காட்டிக் காட்டி அபிப்பிராயம் கேட்டு எழுதினார்கள். ஓட்டெடுத்து எழுதும் எழுத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் புத்தகம் நன்றாகத்தான் இருந்தது. தீக்கோளம் மறுபடியும் உருண்டையாயிற்று. விரல் நுனியிலிருந்து ஒளிக்கீற்று திரும்பி வந்தது. சந்தோஷமாக வரவேற்றார்கள்.

உள்ளே பார்த்தால் வேடிக்கை. சொன்னவுடன் மறந்துபோகும் மந்திரவாதி ஐந்தாம் பதிப்பிலும் திரும்பி வரவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரயோகிக்கும் சின்ன மந்திரங்கள் நாலாம் பதிப்பின் பச்சைப் பட்டைக்கு உறவு. களைத்த வீரன் சமாளித்துக்கொள்ளும் 'இரண்டாம் மூச்சு' பெயர்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. நாலாம் பதிப்பில் ஒரு சாதாரண மனிதன் ஒரு முறைக்கு ஆறு கட்டம் நடப்பான். ஐந்தாம் பதிப்பில் முப்பது அடி. ஒரு கட்டம் என்பது ஐந்தடி! அடி என்றால் ஆட்டக்காரனுக்கு குகையின் தரை தெரிகிறது. கட்டம் என்றால் மேஜை தெரிகிறது. நாலாம் பதிப்பை எழுதினவர்கள் கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்களும்கூட. விளையாட்டின் எலும்பை மறைக்காமல் காட்டினார்கள். ஆட்டக்காரர்கள் எலும்பை வெறுத்தார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். தோல் இல்லாததைத்தான் வெறுத்திருக்கிறார்கள்.

இதை அவனுக்கு எழுதினேன். நான் எழுதினதை ஒப்புக்கொண்டான் என்றே தோன்றுகிறது, ஏனென்றால் ஐந்தாம் பதிப்பில் ஒரு பிரதி வாங்கித் தன் மந்திரவாதி நண்பனுக்கு அனுப்பினான். நண்பன் அதற்குள் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தான். வந்து சேர்ந்தது, வந்தனம் என்று பதில் வந்ததாம். சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.