மக்கின்லி மலை ஓநாய்கள் (1944): ஓர் அரசு ஆய்வறிக்கை பற்றிய விமர்சனம்

உயிரியல் மாணவர்கள் பலர் டால் செம்மறியின் ஆயுள் அட்டவணையைப் பாடநூலில் பார்த்திருப்பார்கள். எத்தனை ஆடுகள் முதல் வயதில் இறக்கின்றன, எத்தனை பத்து வயதைத் தாண்டுகின்றன என்று காட்டும் அந்த அட்டவணையை 1947இல் எட்வர்ட் டீவி அமைத்தார். அதற்கான மண்டை ஓடுகளைப் பொறுக்கியவர் அவரல்லர். அடால்ஃப் மியூரி என்ற அரசு ஊழியர். அவர் எழுதிய 'மக்கின்லி மலை ஓநாய்கள்' 1944இல் அமெரிக்க தேசியப் பூங்காக்களின் விலங்கின வரிசையில் ஐந்தாவது நூலாக அரசு அச்சில் வெளிவந்தது. அட்டவணையை அறிந்த அளவுக்கு நம் மாணவர்கள் இந்த நூலை அறியவில்லை.

ஆய்வின் கேள்வி எளியது. அலாஸ்காவின் மக்கின்லி மலைப் பூங்காவில் டால் செம்மறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஓநாய்தான் காரணம், சுட்டுத் தள்ளுங்கள் என்று வேட்டைக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். ஓநாயைக் கொன்றால் சன்மானம் என்பது அலாஸ்காவில் அப்போது நடைமுறையில் இருந்தது. பூங்காத் துறை 1939இல் மியூரியை அனுப்பியது. 1941 வரை அவர் அங்கே நடந்தார், எண்ணினார், காத்திருந்தார்.

அவர் திரட்டியவை 829 ஆட்டு மண்டை ஓடுகள். கொம்பில் ஆண்டுதோறும் விழும் வளையத்தை எண்ணினால் ஆடு எந்த வயதில் இறந்தது என்று தெரியும். பல்லும் தாடையும் நோயைக் காட்டும். முடிவு தெளிவாக வந்தது: இறந்தவற்றில் பெரும்பாலானவை மிக இளையவை, மிக முதியவை, அல்லது நோயுற்றவை. நடு வயதில் திடமாக இருந்த ஆடு அரிதாகவே பட்டியலில் வருகிறது. 1930களின் தொடக்கத்தில் வந்த கடும் பனிக்காலங்களும் ஆடுகளை வீழ்த்தியிருந்தன. ஓநாயும் ஆடும் ஒரு சமநிலையை எட்டியிருக்கலாம் என்கிறார் மியூரி. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்லை அவர் விடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. குட்டியின் எலும்பு மென்மையானது. ஓநாய் அதை முழுவதும் தின்றுவிடும், மிஞ்சுவதும் விரைவில் மட்கும். ஆகவே மண்டை ஓட்டுக் கணக்கில் குட்டிகள் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். இதை ஈடுகட்ட 1,174 ஓநாய் எச்சங்களையும் பிரித்துப் பார்த்தார். எச்சத்தில் ஆட்டு மயிர் இருந்தால் ஓநாய் ஆட்டைத் தின்றது என்று பொருள். கொன்றது என்று பொருளல்ல. செத்துக் கிடந்ததையும் தின்றிருக்கலாம். ஒன்றின் ஓட்டையை மற்றொன்று முழுவதும் அடைக்கவில்லை. ஆனால் இந்த ஓட்டைகளை நாம் கண்டுபிடிக்க முடிவதே அவர் எண்களை அப்படியே அச்சிட்டதால்தான். டீவி தம் அட்டவணைக்கு எடுத்துக்கொண்டவை 1937க்கு முன் இறந்த 608 ஆடுகள். மியூரி வெறும் முடிவை மட்டும் எழுதியிருந்தால் அந்த அட்டவணை பிறந்திராது.

நூலின் உயிர்ப்பான பகுதி 1940இல் ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றங்கரை ஓநாய்க் குகையைக் கவனித்த குறிப்புகள். ஒவ்வோர் ஓநாயையும் முகத்தாலும் நடையாலும் அடையாளம் கண்டு பெயர் வைக்கிறார். ஒன்றுக்குப் பெயர் 'தாத்தா'. தாய் வேட்டைக்குப் போனால் குட்டிகளுக்கு இன்னொரு பெண் ஓநாய் காவல் இருக்கிறது. இரத்தவெறி பிடித்த விலங்கு என்ற படம் இங்கே தானாகக் கலைந்துவிடுகிறது. ஆசிரியர் வாதாடவே இல்லை. பொன்னாங்கழுகு பற்றிய இயலும் அப்படித்தான். ஆட்டுக்குட்டித் திருடன் என்று பேர் வாங்கிய பறவை அது. கக்கிய உருண்டைகளைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் தரை அணிலின் மிச்சங்கள்! மற்ற இயல்கள் விலங்குவாரியாகக் குறிப்புகளை அடுக்கிச் செல்கின்றன; வாசிக்கப் பொறுமை வேண்டும்.

இந்நூலைத் தனியாக வாசிக்கக் கூடாது என்பது என் கருத்து. பக்கத்தில் இன்னொரு அரசு வெளியீட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதே காலத்தில், அப்போதைய பூங்கா எல்லைக்கு வடக்கே ஸ்டாம்பீட் ஓடைப் பகுதியின் ஆன்டிமனிப் படிவுகளைப் பற்றி அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1942இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. போருக்கு வேண்டிய கனிமங்களைத் தேடும் வரிசையில் அது ஒன்று. பூங்காத் துறையும் நிலவியல் ஆய்வகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்தவை. அதன் பெயர் உள்துறை. நம் நாட்டில்போல அது காவல்துறையைப் பார்ப்பதல்ல, நிலம், கனிமம், காட்டுயிர் ஆகியவற்றைப் பார்ப்பது. பூங்காவை அமைத்த 1917ஆம் ஆண்டுச் சட்டமே கனிமம் தேடுவோருக்கு உள்ளே இடம் விட்டிருந்தது.

கனிம அறிக்கையைக் கேட்டவர்கள் அதைப் பயன்படுத்தக் காத்திருந்தார்கள். ஓநாய் அறிக்கைக்கு அந்த வரவேற்பு இல்லை. நூல் வெளிவந்த பிறகும் எதிர்ப்பாளர்களின் அழுத்தத்தால் பூங்காவுக்குள் ஓரளவு ஓநாய் ஒழிப்பு தொடர்ந்தது. இதே உள்துறையின் மீன், காட்டுயிர்ப் பணித்துறை 1940களின் நடுவிலிருந்து 1080 என்ற நஞ்சைக் கொண்டு மேற்கு மாநிலங்களில் கயோட்டிகளைக் கொன்றுவந்தது. ஊனுண்ணிகளை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதே என்று ஒரு கிளை அச்சிடுகிறது, இன்னொரு கிளை நஞ்சு வைக்கிறது. மியூரியின் நடை இதற்கு ஒரு பங்குக் காரணமா? ஓரளவுக்கு ஆம் என்றே நினைக்கிறேன். அமைச்சரும் சட்டமன்றத்தாரும் புரட்டும் இடத்தில் அவர் தம் முடிவை உரக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் உரக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்று நம்பவும் முடியவில்லை. கனிம அறிக்கையும் அடங்கிய தொனியில் எழுதப்பட்டதுதானே.

1952இல் அப்பணித்துறையிலிருந்து விலகிய ரேச்சல் கார்சன் மறு ஆண்டு 'வாஷிங்டன் போஸ்ட்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். துறைத் தலைவர் ஆல்பர்ட் டேயை நீக்கியதைக் கண்டித்த கடிதம் அது. மண், நீர், காடு, கனிமம், காட்டுயிர் அனைத்தையும் நாட்டின் ஒரே செல்வமாக அதில் சேர்த்து எண்ணி, அவற்றின் நிர்வாகம் கட்சி அரசியலுக்கு உரியதல்ல என்றார். மியூரியின் நூலுக்கு நேர்ந்ததை அந்தக் கடிதத்தோடு சேர்த்து வாசித்தால் நன்கு விளங்கும்.

அரசு வெளியீடு என்பதால் நூலுக்குக் காப்புரிமைத் தடையில்லை. இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. முதன்முறை வாசிப்போர் குகை பற்றிய பகுதியில் தொடங்கலாம். பிறகு மண்டை ஓட்டு அட்டவணைகளுக்குப் போய், டீவி விட்டுவிட்ட 221 ஆடுகளையும் சேர்த்து ஆயுள் அட்டவணையை ஒருமுறை தாமே போட்டுப் பார்க்கலாம்.