சிறுமியின் சோதனையும் பெரியோர் துணையும்

பள்ளி மாணாக்கர் உளவியல் ஆராய்ச்சியில் ஈடுபடுங்கால், பெரியோரின் துணை எவ்வெல்லையில் நிற்றல் வேண்டும் என்பதை ஆராய்வதற்கு, 1998ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையொன்று நல்ல உரைகல்லாகும். அதன் ஆசிரியர் நால்வருள் ஒருத்தி எமிலி றோசா என்னும் பதினொரு வயதுச் சிறுமி. கொலறாடோ மாநிலத்தில் நாலாம் வகுப்பிற் பயின்றபோது, விஞ்ஞானக் கண்காட்சியொன்றன் பொருட்டு அவள் தொடங்கிய சோதனையே அக்கட்டுரையின் கரு.

நோயாளியைச் சூழ்ந்துள்ளதாகக் கூறப்படும் ஆற்றலைக் கைகளால் உணர்ந்து சீர்செய்யும் முறையொன்று, 1970களில் தோன்றி அந்நாட்டுத் தாதியரிடைப் பரவியது. தொடுகைச் சிகிச்சை என்பது அதன் பெயர். உடலைத் தொடவேண்டுவதோ இல்லை. எமிலி அதுபற்றி வாதிடப் புகவில்லை. தடுப்பு அட்டையின் துளைகளூடாகச் சிகிச்சையாளர் இரு கைகளையும் நீட்டினர். நாணயஞ் சுண்டி, அது விழுந்தவாறே, அவற்றுள் ஒன்றன்மேல் அவள் தன் கையைச் சிறிது உயரத்திற் பிடித்தாள். எக்கை என்பதே வினா. 1996, 1997 ஆகிய ஈராண்டுகளிலும் இருபத்தொருவர் 280 முறை விடை கூறினர். சரியானவை 123, அஃதாவது நூற்றுக்கு 44. வெறும் ஊகமே பாதியைச் சரியாக்கியிருக்கும்.

வினாவை இத்துணைச் சிறிதாக்கியதே இவ்வாய்வின் பெருஞ்சிறப்பு. இம்முறை நோய் தீர்க்குமா எனக் கேட்டிருப்பின், மருத்துவமனையும் பல்லாண்டுகளும் வேண்டியிருக்கும். எடுத்த எடுப்பிலேயே மாந்தரின் மகிழ்ச்சியையும் நினைவாற்றலையும் அளக்கப் புகும் உயர்வகுப்பு மாணாக்கருக்கு, வழிகாட்டுவோர் முதலிற் செய்யத்தக்க உதவி இதுவே. அனைத்துலக விஞ்ஞானக் கண்காட்சியின் விதிகள் வேண்டும் மற்றோர் உதவியுமுண்டு: மனிதரை ஆராயும் திட்டம், சோதனை தொடங்குமுன்னரே பரிசீலனைக் குழுவொன்றன் இசைவைப் பெறல் வேண்டும்.

குறைகளும் உள. தன் கை எதன்மேல் நின்றதென அறிந்தவளே எதிரில் இருந்தாள். குறிப்புக் கசிந்திருப்பின் சரியான விடைகளே மிகுந்திருக்கும் என்பது மெய்யாயினும், அமைப்பின் குறை குறையே. அதனினும் பெரிது கட்டுரையின் முடிவு. அச்சிகிச்சையின் கூற்றுகள் ஆதாரமற்றவை, தொழின்முறையில் அதனைக் கையாளுதல் இனித் தகாது என அது தீர்ப்புக் கூறுகின்றது. உணர்தலைமட்டும் அளந்த சோதனை, குணமாதலை அளக்கவில்லையே! தாயார் லிண்டா றோசா தாதியாயிருந்தும் அம்முறையை முன்னரே எதிர்த்தவர். தீர்ப்பின் தொனி அவ்வழக்கிலிருந்து வந்ததேயன்றிச் சோதனையிலிருந்து வந்ததன்று. முடிவுரையைச் சிறுமியிடமே விட்டிருப்பின், அவர்களால் உணர முடியவில்லை என்பதோடு அவள் நிறுத்தியிருப்பாள் போலும்.