நாலு டிராக், ஒரு அறை

கிதார் வாசிக்கிற நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் முதல் பத்து நிமிஷம் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கப்புறம் பேச்சு எப்படியும் சாமானுக்கு வந்துவிடும். யார் புதுசாக என்ன பெடல் வாங்கினான், எந்த மைக் நல்லது, ஸ்ட்ரிங் பத்து போடலாமா பதினொன்று போடலாமா, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆம்ப் வருகிறது, பார்க்கலாமா. நானும் அந்த நாலு பேரில் ஒருத்தன். பதினைந்து வருஷமாக வாசிக்கிறேன். மேடை ஏறியது கல்லூரியில் இரண்டு முறை. நான் முழுசாக எழுதி முடித்த பாட்டு மூன்று. வாங்கிய பெடல் ஒன்பது. ஒருநாள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரை ஒரு ஆல்பத்தைப் பற்றியது. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதும் எங்களை மாதிரி ஆட்களுக்கு அது ஒரு குலதெய்வம். "அவரே கேசட்லதான்டா ரெக்கார்ட் பண்ணார்" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையாட்டுவோம். அந்த வாக்கியத்தை நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான் என்று எனக்குப் புரிவதற்கு ஒரு நண்பனின் பாட்டை நான் கெடுக்க வேண்டியிருந்தது.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1980ல் வந்த 'தி ரிவர்' ஆல்பத்துக்குப் பிறகு ஸ்பிரிங்ஸ்டீன் பெரிய நட்சத்திரம். நீண்ட சுற்றுப்பயணம் முடிந்து நியூ ஜெர்சியில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஸ்டூடியோவில் வைத்துப் பாட்டு எழுதி நேரமும் பணமும் வீணாகிறது, வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொண்டு போனால் பேண்டுக்குச் சொல்லிக்கொடுக்க எளிது என்பது யோசனை. கிதார்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரான மைக் பாட்லன் ஒரு கருவி வாங்கிவந்தார். டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144.

1979ல் சந்தைக்கு வந்த இந்தக் கருவி செய்த காரியம் எளிது. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று மொத்தம் நாலு தடங்கள் உண்டு. கேசட்டைத் திருப்பிப் போட்டுத்தான் மறுபக்கத்தைக் கேட்போம். இந்தக் கருவி நாலு தடத்தையும் ஒரே திசையில் பயன்படுத்தியது. டேப்பும் இரட்டை வேகத்தில் ஓடும். அதனால் திருப்பிப் போடும் கதையே கிடையாது. ஒரு நேரத்தில் இரண்டு தடத்தில்தான் பதிய முடியும். ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டு ஷூர் எஸ்எம் 57 மைக்கை வைத்தார். ஒன்று குரலுக்கு, ஒன்று கிதாருக்கு. மீதி இரண்டு தடத்தில் இன்னொரு குரல், ஹார்மோனிகா, மாண்டலின் என்று தேவைக்கு ஏற்றபடி. பெரும்பாலான பாட்டுகளை 1982 ஜனவரித் தொடக்கத்துக்குள் பதிந்து முடித்தார். கலவையை எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிப் பெட்டி வழியாக ஒரு பானசோனிக் டேப் ரிக்கார்டரில் இறக்கினார். அது முன்பே தண்ணீரில் நனைந்து, செத்துப் பிழைத்த பெட்டி.

அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு நியூயார்க்கில் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவுக்குப் போய் அதே பாட்டுகளை ஒழுங்காக எடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. கடைசியில் பையில் இருந்த கேசட்டே ஆல்பம் ஆனது. அதை எல்பி தட்டுக்கு மாற்றப் பல இடங்களில் முயன்று திணறினார்கள். 1982 செப்டம்பர் 30ல் வெளியானது.

எங்கள் கூட்டம் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடும். மலிவான கருவி ஜெயித்தது, பெரிய ஸ்டூடியோ தோற்றது, சுபம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகத்தின் மிகச் சிறந்த பேண்டுகளில் ஒன்று, நல்ல ஸ்டூடியோ, எழுதியவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஏன் வரவில்லை?

*

பதில் பாட்டுகளுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். கருவியில் அல்ல.

தலைப்புப் பாட்டைப் பாடுவது ஒரு கொலைகாரன். 1958ல் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் அடுத்தடுத்துக் கொலைகள் செய்த சார்ல்ஸ் ஸ்டார்க்வெதருக்கு அப்போது வயது 19. கூட இருந்த பெண்ணுக்கு 14. டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லாண்ட்ஸ்' படத்துக்கு மூலமும் அந்த நிகழ்ச்சிதான். ஸ்பிரிங்ஸ்டீன் அவனுக்குள் போய் 'நான்' என்று பாடுகிறார். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. பால்காரர் கணக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். 'ஜானி 99'ல் மாவா நகரத்துக் கார் தொழிற்சாலை மூடி வேலை போன ஒருத்தன், குடித்துவிட்டு ஒரு ஆளைச் சுட்டுவிட்டு நீதிபதி முன்னால் நிற்கிறான். அந்த ஃபோர்டு ஆலை 1980ல் நிஜமாகவே மூடப்பட்டது. 'ஹைவே பேட்ரோல்மேன்' பாட்டில் போலீஸ்காரன் ஒருத்தன் தப்பு செய்த தம்பியைத் துரத்திப்போய், எல்லை தாண்டட்டும் என்று வண்டியை ஓரங்கட்டுகிறான். 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டில் இரவுச் சாலையில் கார் ஓட்டும் ஒருத்தன் தன்னை யாரும் நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போகிறான். கிதார் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. கடைசியில் ஒரு அலறல்.

திரும்பத் திரும்பக் கேட்டபோது ஒரு சின்ன விஷயம் பிடிபட்டது. இந்த ஆட்களில் பலர் யாரையோ 'சார்' என்றோ 'மிஸ்டர்' என்றோ கூப்பிட்டுக்கொண்டே கதை சொல்கிறார்கள். மரண தண்டனைக்குக் காத்திருப்பவனும் சார் என்கிறான். பழைய கார் வாங்கப் போன அப்பாவைப் பார்த்துக் குன்றிப்போன பையனும் மிஸ்டர் என்கிறான். அந்த சார் யார் என்று எங்கேயும் வராது. அவர் பதில் சொல்வதும் இல்லை.

தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த 'சார்' என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருப்பார். நாம் இந்தப் பக்கம் நின்று, "சார், என்ன ஆச்சுன்னா சார்..." என்று நம் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருப்போம். மரியாதை மாதிரிதான் தெரியும். ஆனால் அது கெஞ்சலும்கூட.

இப்போது அதே ஆளுக்குப் பின்னால் ட்ரம்ஸ், பியானோ, ஆர்கன், சாக்ஸஃபோன் என்று ஒரு பேண்டை நிறுத்திப் பாருங்கள். அவனுக்குத் துணை கிடைத்துவிடுகிறது. தோளில் கை போட ஐந்தாறு நண்பர்கள் இருப்பவன் எதற்கு முகம் தெரியாத சாரிடம் கெஞ்சப் போகிறான்? பேண்ட் சரியாக வாசிக்காததால் அந்தப் பதிவுகள் தோற்கவில்லை. பேண்ட் என்று ஒன்று இருந்ததே அந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தவில்லை. 2025ல் அந்தப் பேண்ட் பதிவுகளும் வெளிவந்துவிட்டன. 'அட்லாண்டிக் சிட்டி' பேண்டோடும் நல்ல ராக் பாட்டுதான். ஆனால் கடன்பட்டு, தப்பான வேலை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டவனுக்காக எனக்கு அதில் பயம் வரவில்லை. எப்படியும் தப்பிச்சுக்குவான் என்று தோன்றுகிறது.

எதிர் உதாரணமும் அந்தக் கேசட்டிலேயே இருக்கிறது. 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' பாட்டின் முதல் வடிவம் அதில்தான் பதிவானது. அந்தத் தனிக்குரல் பதிவு 1998ல் 'ட்ராக்ஸ்' தொகுப்பில் வந்தது. பேண்டோடு எடுத்த வடிவம் 1984ல் உலகத்தையே கலக்கியது. ஆனால் வியட்நாமிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருத்தனின் புலம்பலைப் பாதிப்பேர் தேசப்பெருமைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு வடிவமும் பிடிக்கும். ஆனால் தனிக்குரல் பதிவை யாரும் அப்படித் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 'மேன்ஷன் ஆன் தி ஹில்', 'யூஸ்டு கார்ஸ்', 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நடை, ஒரே வேகம். நடுராத்திரியில் கேட்டால் சரி, மதியம் இரண்டு மணிக்குக் கேட்டால் தூக்கம் வரும். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

*

இப்போது நண்பன் கதை. பெயர் வேண்டாம். எங்கள் நாலு பேரில் சாமான் பைத்தியம் இல்லாதவன் அவன் ஒருத்தன்தான். ஒரே கிதார், அதுவும் மாமா கொடுத்தது. அவன் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தோல் பையையும் விசிலையும் ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி தூக்கத்தில் "உள்ள போ, உள்ள போ" என்பாராம். அதை வைத்து அவன் ஒரு பாட்டு எழுதினான். இரண்டே கார்டு. சமையலறையில் உட்கார்ந்து ஃபோனில் பதிந்து எங்களுக்கு அனுப்பினான். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் அவன் அம்மா உள்ளேயிருந்து "சாப்ட்டியாடா?" என்று கேட்கிறார். அவன் நிறுத்தாமல் பாடுகிறான்.

நான் பதில் போட்டேன்: "பாட்டு செம்ம மச்சான். ஆனா நாய்ஸ் ஜாஸ்தி. என் வீட்டுக்கு வா, ஒழுங்கா எடுத்துரலாம்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். என் நல்ல மைக், என் நல்ல கிதார், காதில் மெட்ரோனோம். "இன்னும் கொஞ்சம் ஓப்பனா பாடு" என்றேன். முப்பது டேக்குக்கு மேல் போயிருக்கும். கடைசியில் சுத்தமாக வந்தது. பிசிறே இல்லை. நாலு பேரும் ஒருமுறை கேட்டோம், நல்லா இருக்கு என்றோம், மறுபடி யாரும் கேட்கவில்லை. அவனும் "நல்லாத்தான்டா இருக்கு" என்றான். அந்த 'தான்' எனக்கு அப்போது காதில் விழவில்லை. நடுவில் அவன் ஃபோன் மாற்றினான், பழைய பதிவு போய்விட்டது. எங்கள் யாரிடமும் இல்லை. அதற்குப் பிறகு அவன் பாட்டு எழுதவில்லை. உன்னால் இல்லடா, வேலை ஜாஸ்தி என்கிறான். இருக்கலாம்.

பிறகு 'நெப்ராஸ்கா'வைத் திரும்பக் கேட்டபோதுதான் என் தப்பு எது என்று புரிந்தது. அவன் அன்றைக்கு மெதுவாகப் பாடியதற்குக் காரணம் கூச்சம் இல்லை. அப்பா திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்துவிடக் கூடாது, ஆனால் பாட்டு அவருக்குத்தான். அந்தப் பாட்டின் மொத்த உயிரும் அந்தக் குரலடக்கத்தில் இருந்தது. என் அறையில் அப்பா இல்லை. ஓப்பனா பாடு என்று நான் சொன்னபோது, யாரிடம் பாடுகிறோம் என்பதை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

*

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் ஃபோனில் பதிவதே உத்தமம் என்று யாராவது முடிவுக்கு வந்தால், நான் தோற்றேன். அது இன்னொரு சாமான் பைத்தியம். இன்றைக்கு டேப் இரைச்சலைப் போலி செய்துதரும் மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பழைய போர்ட்டாஸ்டூடியோவைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களும் உண்டு. இரைச்சலை வாங்கலாம். கோல்ட்ஸ் நெக் வீட்டின் தனிமையை எந்தக் கடையில் வாங்குவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்ஸ்டீன் அமெச்சூர் இல்லை. அவர் ஐந்து ஆல்பம் முடித்தவர். அந்தப் பாட்டுகளைத் திருத்தித் திருத்தி எழுதிவிட்டுத்தான் கருவி முன்னால் உட்கார்ந்தார். நினைத்தால் எந்த ஸ்டூடியோவுக்கும் போகலாம், போயும் பார்த்தார், திரும்பி வந்தார். அவருக்கு அது தேர்வு. நமக்குப் பல நேரம் வேறு வழி இல்லாமை. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, முடிக்காத பாட்டுக்கு 'லோ-ஃபை' என்று பெயர் வைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

அதே 1982ல்தான் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. தமிழ்நாட்டில் கிதார் பிடித்தவன் 'இளைய நிலா'வின் தொடக்கத்தை வாசித்துப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். இளையராஜா எழுதி, ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தத் துல்லியம் நல்ல ஸ்டூடியோவில், தேர்ந்த கைகளால் மட்டுமே சாத்தியம். அதை ஃபோனில் எடுத்திருந்தால் அந்தப் பாட்டு செத்திருக்கும். அந்த நிலாவுக்கு அந்தச் சுத்தம் தேவை. நாங்கள் எல்லோரும் அதைப் பிரதியெடுத்தே விரல் பழகினோம். அதனாலோ என்னவோ, பிசிறில்லாமல் வாசிப்பதுதான் இசை என்பது எங்களுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, கூடத்தில் உட்கார்ந்து நாலு பேருக்குப் பாடிக்காட்டுவதற்கு எங்களிடம் முன்மாதிரி குறைவு. அதனால்தான் நண்பன் ஒருத்தன் அப்படி ஒன்றை அனுப்பியபோது எனக்கு ஃப்ரிட்ஜ் சத்தம்தான் கேட்டது.

இப்போதும் நாங்கள் கூடுகிறோம். இப்போதும் பெடல் பற்றிப் பேசுகிறோம், அதில் சந்தோஷமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது பதிவு அனுப்பினால் உடனே கருத்துச் சொல்வதில்லை. 'இத யாருக்குப் பாடுற?' என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. போன மாதம் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அந்த நண்பனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ஒரே வரி எழுதியிருந்தான்: "அப்பா அன்னிக்கு முழிச்சுக்கிட்டுதான்டா இருந்தாரு."