கண்டதும் காணாததும்: ஒரு டச்சுக் கடலோவியம்

ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நம் நாட்டுக் கடற்கரை ஒன்று ஓவியமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கொச்சித் துறையைக் காட்டும் அவ்வெண்ணெய் வண்ண ஓவியம், 1662-63ஆம் ஆண்டுகளில் யோஹன்னஸ் விங்க்போன்ஸ் தீட்டியதெனக் கருதப்படுவது. அதன் அச்சுப்படி ஒன்றை அலுவலக நண்பர் அண்மையில் கொடுத்தார். முன்னே நீர், நீரில் கப்பல்கள், அப்பால் நகரம். யாவும் ஒழுங்காகவே அமைந்திருக்கின்றன. ஆயினும் எதிலும் உயிரில்லை.

காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விங்க்போன்ஸ் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். நிலப்படம் வரைவதில் கைதேர்ந்த அவர், பிறர் கொணர்ந்த வரைவுகளைக் கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்தே பணிபுரிந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகைச் சுவரை அணிசெய்யவே இத்தகைய படங்கள் எழுந்தன. போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கம்பெனி கைப்பற்றியதும் 1663இல்தான் என்பதை எண்ணும்போது, நாம் பார்ப்பது ஓவியமா, சொத்துப் பட்டியலா என்னும் ஐயம் எழுகிறது. (கணக்குப் பிரிவில் இருபதாண்டு கழித்தவன் கண்ணுக்குப் பட்டியல் எளிதில் புலப்பட்டுவிடும்!)

இதனருகே இளைய வில்லெம் வான் டி வெல்டே 1680ஐ ஒட்டித் தீட்டிய 'பீரங்கி முழக்கம்' என்னும் ஓவியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். காற்றற்ற கடல், துவண்டு தொங்கும் பாய்கள், வெடித்த பீரங்கியின் புகை. அவ்வளவே பொருள். ஆனால் பாயின் ஒவ்வொரு மடிப்பும் காற்று இல்லாமையைச் சொல்கிறது. அவருடைய தந்தை, கடற்போர் நடக்கும்போதே படகேறிச் சென்று கண்டதை வரைந்தவர். மகன் அப்பள்ளியில் பயின்றவர். ஒல்லாந்தர்க்குக் கடலை எழுதத் தெரியாமலில்லை. தம் கடலுக்குக் கிடைத்த அந்தக் கண் கொச்சிக்குக் கிட்டவில்லை.

நேரில் கண்டவர் எழுதியிருந்தால் எதை எழுதியிருப்பார்? நான் நாராயணவனத்தில் தறியொலி கேட்டு வளர்ந்தவன். எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் அருணா நதிதான் ஆரணியாறு என்னும் பெயரோடு பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. அங்கே 1613இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலத் துணி அங்கிருந்து கப்பலேறியது. கிழக்குத் தீவுகளில் அத்துணியைக் கொடுத்தே கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். மணல்திட்டு மறித்தமையால் பெருங்கப்பல்கள் கரையணைய இயலாது. மூட்டைகளைச் சிறு படகுகளே அலைகடந்து கொண்டு சேர்த்தன. துணி மட்டுமா? பஞ்சத்திலும் போரிலும் அடிமைகளாக விற்கப்பட்ட இக்கரை மக்களும் அந்நூற்றாண்டில் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டனர். கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில்தான் ஊர் பிரிந்தவர் கதை தொடங்குகிறது. விங்க்போன்ஸின் தூரிகையோ அதனை விரைந்து கடந்து கோட்டைச் சுவருக்குப் போய்விடுகிறது.

அச்சுப்படியைச் சட்டமிட்டுச் சங்க அரங்கில் மாட்டலாமா என்று நண்பர் கேட்கிறார். மாட்டலாம்; வான் டி வெல்டேயையும் பக்கத்திலேயே மாட்டுவதாயின்.