சக்கரத்தின் மேல் பாய்மரம்: தோல் வட்டாரத்திற்கு இழுவைப் படகு பொருந்துமா?

இழுவைப் பாய்மரப் படகு என்பது, ஏறத்தாழ 5 முதல் 8 மீட்டர் நீளமும், இரண்டு மூன்று பேர் படுத்துறங்கத்தக்க சிற்றறையும் கொண்டு, காரின் பின்னே டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்பட்டு, வேண்டிய கரையில் இறக்கப்படும் கலமாகும். துறைமுகத்தில் இடம்பிடித்து ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை, வீட்டு முற்றத்திலேயே நிறுத்தலாம், இன்று ஓர் ஏரி நாளை ஒரு கழிமுகம் என நீரை மாற்றிக்கொள்ளலாம் என்பனவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் பரவியதற்குக் காரணங்கள். துறைமுகத்தை அண்டி வாழாதவர்க்கென்றே உருவான படகு என்பதால், சென்னையிலிருந்து சாலைவழி 140 கி.மீ. அளவில் உள்ள வேலூருக்கும், அதற்கும் மேற்கே உள்ள ஆம்பூர், வாணியம்பாடிக்கும் எனத் தோல் பதனிடும் இவ்வட்டாரம் முழுமைக்கும் இது மிகப் பொருத்தமானதென முதற்பார்வையில் தோன்றும். அத்தோற்றம் மெய்தானா என்பது வேறு கேள்வி.

படகின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். காற்று பாயை ஒருபுறம் சாய்க்கும்போது கலம் கவிழாதிருக்க அடியில் பாரமும், பக்கவாட்டில் நழுவாதிருக்க நீருக்குள் இறங்கிய ஒரு பலகையும் தேவை. பெரிய படகுகளில் இவ்விரு வேலைகளையும் கீல் எனப்படும் நிலையான அடிக்கட்டையே செய்கிறது. சாலையில் செல்ல வேண்டிய படகுக்கு அத்தகைய கட்டை ஆகாது என்பதால், மேலே இழுத்துக்கொள்ளத்தக்க நடுப்பலகையும், சிலவற்றில் நீர்ப்பாரமும் வைக்கப்படுகின்றன. கலிபோர்னியாவின் மெக்ரிகர் 26 வகைப் படகு, நீரில் இறங்கியபின் அரை டன்னுக்கு மேற்பட்ட நீரைத் தன் அடித்தொட்டியில் நிரப்பிக்கொண்டு, கரையேறும்போது அதை வெளியேற்றிவிடுகிறது. அறிவார்ந்த தீர்வுதான், ஆயினும் நீருக்குள்ளேயே உள்ள நீர், ஈயத்தைப்போல் படகை நிமிர்த்திப் பிடிப்பதில்லை என்பதால், ஒரே எடைக்குக் கிடைக்கும் நிலைப்பு குறைகிறது. சாலையின் அகலம் கலத்தின் அகலத்தை வரையறுக்கிறது, காரின் வலிமை அதன் எடையை வரையறுக்கிறது. கடல் கேட்பதைச் சாலை அனுமதித்த அளவுக்கே கொடுக்கும் படகு இது.

இனி நீர். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாகவே கிடக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அது அடைந்த கேட்டை, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு நாடறியச் செய்தது. காவேரிப்பாக்கம் ஏரி பரந்ததுதான், ஆனால் அது பாசனத்திற்கானது. மழைக்குப்பின் நிறைந்து, மதகு திறக்கத் திறக்க வற்றுவது. ஏலகிரியின் புங்கனூர் ஏரி மிதிபடகுக்குப் போதும். ஆகவே பயணத்திற்குரிய நீர் என்றால் வங்கக் கடலும் அதன் கழிகளுமே எஞ்சுகின்றன.

இவ்வழக்கத்தின் அடிப்படை எடுகோள் குலைவது அங்கேதான். டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிப் படகை மிதக்கவிட, அலையற்ற நீருக்குள் இறங்கும் உறுதியான சாய்தளம் வேண்டும். சோழமண்டலக் கரையோ இயற்கைத் துறைகள் அரிதான, அலை உடைந்துகொண்டே இருக்கும் மணற்கரை. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கடத்திய மசூலாப் படகுகள், ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளால் ஆனவை. அலை அடிக்கும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கவே அவ்வாறு தைத்தனர். கட்டுமரம் இன்னும் எளிய விடை: கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே தோளில் தூக்கிச் சென்று, ஊறிய நீர் வடியக் காயவைத்துவிடலாம். துறைமுகமின்றி வாழும் கலைக்கு இக்கரை கண்ட வழி கலத்தை இலகுவாக்குவது. மேலைநாட்டு இழுவைப் படகு கண்ட வழி, கரையெங்கும் யாரோ சாய்தளம் கட்டி வைத்திருப்பார்கள் என்று நம்புவது. சாய்தளம் இல்லாத கரையில், துறைமுகத்திலிருந்து விடுதலை தருவதாகச் சொன்ன படகு மீண்டும் துறைமுக வாயிலிலேயே வந்து நிற்கிறது.

பழவேற்காடு ஏரி இதற்கு விதிவிலக்காகலாம் எனத் தோன்றும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்பதால், நடுப்பலகையைத் தூக்கிக்கொண்டு மிதக்கும் கலத்துக்கு அது ஏற்ற நீர். ஆயின் அது யாருமற்ற நீர் அன்று. அங்கு மீனவ ஊர்கள் பாடு எனப்படும் முறையில், எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை கட்டுவது என்பதைத் தமக்குள் வகுத்துக்கொண்டு தலைமுறைகளாகப் பிழைத்து வருகின்றன. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயமும் ஆகும். பொழுதுபோக்குக்கு வரும் ஒரு படகின் சுக்கானில் சிக்கும் வலை ஒரு குடும்பத்தின் அன்றைய வருவாய் என்பதை, இன்பப் படகோட்டலை ஏத்திப் பேசுவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

உடைமையின் அன்றாடச் சுமைகள் வேறு. உப்பு என்ன செய்யும் என்பதைப் பச்சைத்தோலை உப்பிட்டு வாங்கும் தோல் வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரெய்லரின் அச்சும் பேரிங்கும் ஒவ்வொரு முறை கடல்நீரில் மூழ்கியெழுந்தபின்னும் நன்னீரால் கழுவப்படாவிட்டால், முதலில் கெடுவது படகன்று, வண்டியே. இன்பப் படகுகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாக உயர்ந்தது. இவற்றைவிட வலுவான குறை காலக்கணக்கில் உள்ளது. ஆம்பூரிலிருந்து பாரமிழுத்துக்கொண்டு சென்னை சேர அரை நாள் போய்விடும், பாய்மரம் நிறுத்திக் கயிறு பூட்ட மேலும் நேரமாகும். நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்றைப் பிடிக்க வேண்டுமானால் முந்தைய நாளே புறப்பட்டாக வேண்டும். இரவு தங்கத்தானே சிற்றறை என்று கேட்கலாம். குளிருக்கும் தூறலுக்கும் அஞ்சி வடிவமைக்கப்பட்ட அவ்வறை, மே மாதச் சென்னையின் புழுங்கும் இரவில் எவரும் விரும்பி நுழையும் இடமாக இராது. திறந்த படகும் மேலே ஒரு பந்தல்துணியுமே இத்தட்பவெப்பத்துக்கு ஏற்றவை.

திறந்த சிறுபடகால் நெடுந்தொலைவு இயலாது என்பதும் உண்மையன்று. பிரிட்டனின் ஃபிராங்க் டை, 5 மீட்டருக்கும் குறைந்த வேஃபேரர் வகைத் திறந்த படகில் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து சென்றார். அது யாவரும் பின்பற்றத்தக்க முன்மாதிரி அன்று. எனினும் பயணத்தின் எல்லையை ஓட்டுபவரின் பயிற்சியே முதன்மையாகத் தீர்மானிக்கிறது, அறை அன்று என்பதற்கு அது போதிய சான்று.

பயிற்சி எங்கிருந்து வரும் என்பதற்கும் இவ்வட்டாரத்திலேயே விடை உண்டு. 1999-இல் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பாய்மரப் படகோட்டி, 2023-இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றவர். அவரை ஆளாக்கியது ராணுவத்தின் பயிற்சி அமைப்பே, முற்றத்தில் நின்ற சொந்தப் படகன்று. அவர் ஓட்டும் லேசர் வகைப் படகு, காரின் கூரைமேல் ஏற்றிச் செல்வதற்கென்றே 1969-இல் முதலில் வரையப்பட்டது. அதன் உடற்பகுதியின் எடை 60 கிலோவுக்குள் அடங்கும், இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், சாய்தளம் தேவையில்லை.

ஆகவே அறையுள்ள இழுவைப் படகைத் தனியொருவர் வாங்கி வேலூரிலோ ஆம்பூரிலோ வைத்திருப்பது, இன்றைய கரைநிலையில் பயனுக்கு மிஞ்சிய உடைமை என்றே கொள்ள வேண்டும். அதே பணத்தில் பலர் கூடி இரண்டு மூன்று இலகுவான திறந்த படகுகளை வாங்கிச் சென்னைத் துறைமுகத்தின் படகோட்டக் கழகங்களை அண்டிப் பழகுவது மேல். அரசு கடற்கரை வட்டங்களில் பொதுச் சாய்தளங்களை மீனவ ஊர்களின் இசைவோடு அமைக்குமானால் இம்முடிவை மறுபடி எடைபோடலாம். அதுவரை வாங்க எண்ணுவோர் படகின் விலையை விசாரிக்கும் முன், அதை எந்தக் கரையில் இறக்கப்போகிறோம் என்பதை நேரில் சென்று பார்த்துவருவது நல்லது.